மீன் அமிலமும் விண்கல்லும்

என் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் ஒரு நீல டிரம் இருக்கிறது. பூம்புகார்ப் பக்கமிருந்து வரும் மீன்காரம்மா ஒதுக்கித் தருகிற தலை, குடல், செதில் எல்லாவற்றையும் அதில் கொட்டி, அதே எடைக்கு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, வாயை இறுக மூடி, வேப்பமர நிழலில் வைத்துவிடுவார். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் தேன் நிறத்தில் ஒரு திரவம் இருக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலந்து சம்பாவுக்குத் தெளிப்பார். மீன் அமிலம் என்று டெல்டா முழுக்கத் தெரிந்த சரக்குதான். பயிருக்கு நல்லது, மூக்குக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

போன கார்த்திகையில் டிரம்மைத் திறந்துகொண்டே கேட்டார். "இதுல என்னதான் தம்பி இருக்கு?"

"அமினோ அமிலம் சித்தப்பா. மீனோட புரதம் உடைஞ்சு துண்டு துண்டா வந்திருக்கு."

"அப்ப சுத்தமான ஆர்கானிக்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வேதியியல்ல பாத்தா யூரியாவும் ஆர்கானிக்தான் சித்தப்பா. அமினோ அமிலம் விண்கல்லுல கூட இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருஷமாக வயலில் உப்பு உரம் போடாத மனிதரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சு. அப்போது சொல்லி முடிக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. டெல்டாவில் ஆர்கானிக் என்றால் ரசாயனம் படாதது. வேதியியலில் ஆர்கானிக் என்றால், தமிழில் கரிமச் சேர்மம் என்கிறோமே, கார்பன் அணுக்களை எலும்புக்கூடாக வைத்துக் கட்டிய மூலக்கூறு. கூடவே ஹைட்ரஜன் இருக்கும். பெரும்பாலும் ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் சேர்ந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை. இப்படிப்பட்ட பொருள்களை உயிருள்ளவை மட்டுமே உண்டாக்க முடியும், அதற்கு ஓர் உயிர்விசை வேண்டும் என்றுதான் நம்பினார்கள். 1828-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்ரிஷ் வோலர் சிறுநீரில் இருக்கும் யூரியாவை, சிறுநீரகம் எதுவும் இல்லாமல் ஆய்வகத்தில் செய்துகாட்டினார். நாம் 45 கிலோ மூட்டையாக வாங்குகிற அதே யூரியா. கரிம வேதியியல் பாடப்புத்தகங்கள் இன்றும் அங்கேதான் தொடங்குகின்றன.

அதே வோலர் முப்பது வருஷம் கழித்து ஒரு விண்கல்லைக் கையில் எடுத்தார். 1857-இல் ஹங்கேரியின் கபா என்ற ஊரில் விழுந்த கருங்கரியான கல் அது. அதைப் பகுத்துப் பார்த்ததில் கரிமப் பொருள் இருந்தது. உடனே அவர் வந்த முடிவு, இது உயிர்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது! யூரியாவுக்கு உயிர் தேவையில்லை என்று காட்டியவரே கல்லைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டார். இத்தனைக்கும் உயிர்விசையை நம்பிய அவருடைய ஆசான் பெர்சிலியஸ், 1806-இல் பிரான்சின் அலே அருகே விழுந்த கல்லை 1834-இல் ஆராய்ந்துவிட்டு, கரிமப் பொருள் இருப்பதை மட்டும் வைத்து அங்கே உயிர் இருந்தது என்று சொல்லிவிட முடியாது என நிதானமாகவே எழுதியிருந்தார். கரிமம் என்றதும் உயிர் என்று தாவுகிற பழக்கம் சித்தப்பாவுக்கு மட்டும் உரியதில்லை.

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற சிற்றூரில் ஒரு கல் வானத்திலேயே சிதறி விழுந்தது. பொறுக்கிச் சேர்த்ததில் 100 கிலோவுக்கு மேல் தேறியது. எடுத்தவர்கள் ஸ்பிரிட் வாடை அடித்ததாகச் சொன்னார்கள். (சித்தப்பாவின் டிரம்மை அவர்கள் மோந்து பார்த்ததில்லை.) கல் விழுந்த நேரமும் நல்ல நேரம். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அப்பல்லோ 11 நிலவிலிருந்து மண் கொண்டுவந்திருந்தது. அதில் உள்ள கரிமத்தைத் தேட மிகத் துல்லியமான கருவிகளோடு ஆய்வகங்கள் தயாராக இருந்தன. நிலவு மண்ணில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அதே கருவிகள் மர்ச்சிசன் பக்கம் திரும்பின.

நாசாவில் அந்த ஆய்வுக் குழுவில் இருந்த ஒருவர் சிரில் பொன்னம்பெருமா. பெயரைக் கேட்டதும் நம்மூர்க்காரரோ என்று தோன்றும்; இலங்கையின் காலி நகரில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்குப் போனவர். அந்தக் குழு 1970-இல் முடிவை வெளியிட்டது. கல்லில் கிளைசின், அலனின், குளுட்டாமிக் அமிலம், வாலின், புரோலின் என அமினோ அமிலங்கள் இருந்தன. டிரம்மில் இருக்கும் அதே அலனின், அதே கிளைசின்தான்.

சரி, கல்லில் இருந்தது வானத்திலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? பொறுக்கியவர் விரல் வியர்வையிலேயே அமினோ அமிலம் உண்டு. இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் போட்டுக் குடைந்தார்கள். பட்ட சூடு அப்படி. 1864-இல் பிரான்சின் ஓர்கேய் பகுதியில் விழுந்த கல்லின் ஒரு துண்டு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் மூடியே கிடந்தது. நூறு வருஷம் கழித்து அதைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே செடி விதை இருப்பதைக் கண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, யாரோ ஒரு குறும்பர் கல்லை ஈரப்படுத்திப் பிசைந்து, கோரைவகை விதையையும் நிலக்கரித் துணுக்கையும் செருகி, கோந்து பூசி மூடியிருக்கிறார். கல் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பாரிசில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், உயிர் தானாகத் தோன்றாது என்று பெரிய உரை நிகழ்த்தியிருந்தார். அவரை வம்புக்கு இழுக்கச் செய்த வேலையாக இருக்கலாம். ஆனால் அந்த நகைச்சுவையைக் கேட்டுச் சிரிக்க நூறு வருஷம் யாரும் வரவில்லை.

கல்லில் இருந்தது வானத்துச் சரக்குதான் என்பதற்கு முதல் தடயத்தை விளக்கச் சங்கை உதாரணமாகச் சொல்லலாம். வேளாங்கண்ணிக் கடைகளில் குவித்து வைத்திருக்கும் சங்குகளைக் கிளறிப் பாருங்கள். எல்லாம் இடம்புரி. வலம்புரி கிடைத்தால் பூஜை அறைக்குப் போய்விடும், அவ்வளவு அபூர்வம். அமினோ அமிலங்களிலும் பெரும்பாலானவற்றுக்கு இடம், வலம் என்று இரண்டு வடிவம் உண்டு. இரண்டும் ஒரே அணுக்கள்தான். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். நெல்லோ மீனோ மனிதனோ, பூமியில் உள்ள உயிர்கள் தங்கள் புரதத்தைக் கட்ட இடவடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே டிரம்மில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க இடம்புரிக் குவியல். மர்ச்சிசனில் அலனினைப் பிரித்துப் பார்த்தபோது இடமும் வலமும் ஏறக்குறையச் சரிபாதி. அப்படிப் பாதிக்குப் பாதி கிடந்தால் அதை எந்தச் சங்குப்பூச்சியும் செய்திருக்க முடியாது. இடமா வலமா என்று பார்க்காத வெறும் வேதியியல் செய்த வேலை அது.

இன்னொரு தடயம், வகைகளின் எண்ணிக்கை. உயிர் கறாரான சமையல்காரர். புரதத்துக்கு 20 அமினோ அமிலம், அவ்வளவுதான். மர்ச்சிசனில் இதுவரை 80-க்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள், அவற்றில் பலவற்றை நம் உயிர்கள் தொடுவதே இல்லை. சின்ன மூலக்கூறு நிறைய, பெரியதாகப் பெரியதாகக் குறைவு. கையில் கிடைத்ததை எல்லாம் எல்லா விதத்திலும் ஒட்டிப் பார்த்ததுபோல் இருக்கிறது. 2010-இல் ஒரு குழு அந்தக் கல்லில் பல்லாயிரம் வேறுவேறு மூலக்கூறுச் சூத்திரங்களை எண்ணிக் காட்டியது.

மூன்றாவது தடயம் கார்பனின் எடை. இது டெல்டாக்காரர்களுக்கு எளிதில் புரியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மீத்தேன் இங்கே எல்லோருக்கும் தெரிந்த சொல். தண்ணீர் கட்டிய வயலில் காலை வைத்தால் குமிழி வரும். சேற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிரிகள் விடும் மீத்தேன் அது. நரிமணம் பக்கம் ஆழ்துளையில் எடுக்கும் எரிவாயுவிலும் மீத்தேன்தான் பிரதானம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் வாழ்ந்து மடிந்த உயிர்கள் மண்ணுக்கடியில் வெந்து வந்தது. இரண்டும் ஒரே மூலக்கூறு. ஆனால் கார்பனில் 12 எடையுள்ளதும் உண்டு, கொஞ்சம் கனமான 13-உம் உண்டு. வயல்சேற்று மீத்தேனில் கனமான கார்பன் ரொம்பக் குறைவு, ஆழ்துளை வாயுவில் அதைவிடச் சற்று அதிகம். உயிர்களுக்குப் பொதுவாக லேசான கார்பன்தான் பிடிக்கும். மர்ச்சிசன் அமினோ அமிலங்களிலோ கனமான கார்பன், பூமியின் உயிர்களில் நாம் காண்பதைவிடத் தெளிவாகவே தூக்கலாக இருக்கிறது. ஹைட்ரஜனிலும் கனமான வகையான டியூட்டீரியம் கூடுதலாக இருக்கிறது. விரல் வியர்வையில் வந்திருந்தால் இந்த எடைக் கணக்கு இப்படி வராது.

சோதிக்கும் முறை நம் வீட்டுக் கஷாயம்தான். கல்லை இடித்துப் பொடியாக்கி, சுத்தமான தண்ணீரோடு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, 100 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைப்பார்கள். வடிகட்டிய நீரில்தான் அமினோ அமிலம் இருக்கும், அதுவும் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு அளவில். கல்லில் உள்ள கார்பனில் பெரும்பகுதி எந்தக் கஷாயத்துக்கும் மசியாது. வளையம் வளையமாகப் பின்னிய, தார் போன்ற கறுப்புப் பொருள் அது. பேச்சு எப்போதும் அமினோ அமிலத்தைச் சுற்றியே ஓடினாலும் கல்லில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கசடுதான்.

அப்புறம், இவையெல்லாம் உருவானது எங்கே? ஒரே இடத்தில் இல்லை. நெல் ஓரிடத்தில் விளைந்து, இன்னோரிடத்தில் புழுங்கி, வேறோரிடத்தில் அரிசியாவது மாதிரி.

தொடக்கம் சூரியன் பிறப்பதற்கு முன்பே, விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசி மேகத்தில். அங்கே வெப்பநிலை மைனஸ் 260 டிகிரியைத் தொடும். மணல் துகளைவிட மிகச் சிறிய தூசிமேல் தண்ணீர், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா எல்லாம் பனியாகப் படிகின்றன. அந்தப் பனியின் மேலேயே ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக ஒட்டி மெத்தனால் உருவாகிறது. மீனில் கலக்கிறார்கள் என்று அடிக்கடி செய்தி வருமே, அந்த ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடும் இதே வழியில் பிறக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் மூலக்கூறுகள் உடையும், உடைந்தவை வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும். 2002-இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் ஐரோப்பாவில் ஒரு குழுவும் இப்படிப்பட்ட பனியை ஆய்வகத்தில் உறையவைத்துக் கதிர் பாய்ச்சி, மிஞ்சியதில் அமினோ அமிலங்களைக் காட்டின. டியூட்டீரியம் கூடுதலாக இருப்பதும் இந்தக் குளிரின் முத்திரைதான்; அவ்வளவு குளிரில் கனமான ஹைட்ரஜன் மூலக்கூறில் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. ரேடியோ தொலைநோக்கிகள் இந்த மேகங்களில் பல நூறு மூலக்கூறுகளின் குரலைக் கேட்டிருக்கின்றன. தனுசு ராசித் திசையில், சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில், நம் விண்மீன்திரளின் மையத்துக்கு அருகே உள்ள ஒரு மேகத்தில் யூரியாகூட இருக்கிறது. சித்தப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

மேகம் சுருங்கிச் சூரியன் பிறந்தபோது, சுமார் 456 கோடி வருஷத்துக்கு முன், அந்தப் பனியும் தூசியும் திரண்டு சிறுகோள்கள் ஆயின. அவற்றுக்குள் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு கொஞ்சம் இருந்தது. ஏழு லட்சம் வருஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும் சரக்கு, அது சிதையச் சிதையச் சூடு. அந்தச் சூட்டில் பனி உருகியது. உருகிய தண்ணீர் பாறைத் தூசியோடு கலந்து அதைக் களிமண்ணாக மாற்றியது. ஆம், அந்தச் சிறுகோள்களிலிருந்து உடைந்து வந்த இந்தக் கறுப்பு விண்கற்கள் அடிப்படையில் காய்ந்த சேறு. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. வானத்துக் கல் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே நம் வயல்.

வெதுவெதுப்பான அந்தச் சேற்றில்தான் அமினோ அமிலத்தின் பெரும்பங்கு விளைந்திருக்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள், ஹைட்ரஜன் சயனைடு, அம்மோனியா, தண்ணீர்: இந்த நான்கும் சேர்ந்தால் அமினோ அமிலம் வரும் என்று 1850-லேயே ஸ்ட்ரெக்கர் என்ற ஜெர்மானியர் காட்டியிருந்தார். நான்குமே அந்த மேகங்களில் உண்டு. சயனைடு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், மரவள்ளிக் கிழங்கை நசுக்கினாலும் அதுதான் வெளிவரும்.

இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை எப்போதும் இருந்தது. விண்கல் எதுவானாலும் பூமியின் காற்றையும் மண்ணையும் தொட்டுத்தான் கைக்கு வரும். அதனால்தான் சிறுகோளுக்கே போய் அள்ளி வந்தார்கள். ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியுகு என்ற சிறுகோளிலிருந்து 5.4 கிராம் கொண்டுவந்து 2020 டிசம்பரில் இறக்கியது. அதில் அமினோ அமிலங்களோடு, மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான யுராசிலும் இருந்தது. நாசாவின் ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம், பென்னு என்ற, அரை கிலோமீட்டர் அகலமுள்ள சிறுகோளிலிருந்து 121.6 கிராம் அள்ளி 2023 செப்டம்பரில் கொண்டுவந்தது. மூன்று கைப்பிடி அரிசிகூட இருக்காது. ஆனால் அதற்குள் புரதத்துக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களில் 14, டிஎன்ஏ ஆர்என்ஏ இரண்டுக்கும் சேர்த்து எழுத்துகளாக வேண்டிய ஐந்து காரங்களும், நிறைய அம்மோனியாவும் இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.

அதே அறிவிப்பில் நான் நின்று வாசித்தது உப்பைப் பற்றிய பகுதியை. வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், பாத்தியில் கட்டிய கடல்நீர் சுண்டச் சுண்ட எல்லாம் ஒரேயடியாகப் படியாது. முதலில் ஜிப்சம் படியும், அப்புறம்தான் உப்புப் பூக்கும், கடைசியில் கசப்பு நீர் மிஞ்சும். வரிசை மாறாது. பென்னுவின் மண்ணிலும் அப்படி ஒரு வரிசையின் தடம் இருக்கிறது. பாஸ்பேட், கார்பனேட், பிறகு சோடியம் கார்பனேட் வகைகள், கடைசியில் சாப்பாட்டு உப்பு. பென்னுவைப் பெற்ற பெரிய சிறுகோளுக்குள் உப்பு நீர் தேங்கி, மெல்ல மெல்ல வற்றியிருக்கிறது. அதில் ட்ரோனா என்ற தாதுவும் உண்டு. சலவைக்கு உவர்மண் எடுத்தார்களே, அந்த உவரின் ஒன்றுவிட்ட உறவு. உப்பு நீர் சுண்டும்போது அதில் கரைந்த மூலக்கூறுகளும் நெருங்கி வரும். நெருங்கினால் ஒன்றோடொன்று சேர வாய்ப்பு அதிகம். உயிரின் கச்சாப்பொருள்களுக்கு இதைவிட நல்ல அடுப்பு கிடைப்பது கஷ்டம்.

இத்தனை இருந்தும் அங்கே உயிர் இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. செங்கல், மணல், கம்பி எல்லாம் இறக்கியாகிவிட்டது, வீடு கட்டவில்லை.

ஆதி பூமிக்கு இந்தச் சரக்கு வண்டி வண்டியாக வந்திறங்கியது என்பது உறுதி. கல் காற்றில் வரும்போது மேல்தோல் மட்டும் சில மில்லிமீட்டர் உருகிக் கறுக்கும். எரிவது சில நொடிதான் என்பதால் உள்ளே குளிர்ச்சி குறையாது. ஆனால் இந்தச் சரக்கில்தான் முதல் உயிர் பிறந்தது என்று எழுதுகிறவர்கள் ஒரு படி தாண்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். பூமியே சொந்தமாகவும் செய்திருக்க முடியும்.

இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் நம்பிக்கை தந்தது அந்த இடம்புரிக் கணக்கு. மர்ச்சிசனில் ஐசோவாலின் என்ற, உயிர்கள் அநேகமாகத் தொடாத அமினோ அமிலத்தில் இடவடிவம் சற்றுத் தூக்கலாக இருப்பதை 1997-இல் குரோனின், பிட்சரெல்லோ என்ற இருவர் காட்டினார்கள். வானத்திலேயே இடப்பக்கம் சாய்ந்துவிட்டதோ, அந்தச் சாய்வைத்தான் நாம் சுமக்கிறோமோ என்று பேச்சு எழுந்தது. பென்னு அதில் தண்ணீர் ஊற்றிவிட்டது. அங்கே ஐசோவாலின் உட்பட எல்லாம் சரிபாதி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் காவிரி வலப்புறம் சுழித்துத் திரும்பியதால் திருவலஞ்சுழி என்று பெயர் வந்தது என்பார்கள். உயிர் எந்த ஊரில் இடப்புறம் சுழித்தது என்று சொல்லத்தான் இன்னும் ஸ்தலபுராணம் எழுதப்படவில்லை.

இப்படிப்பட்ட கல் நம் பக்கம் விழுந்தால் என்ன ஆகும்? டெல்டா முழுக்க வண்டல். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆகவே நடு வயலில் ஒரு கல் கிடந்தால் அதை யாரோ போட்டிருக்க வேண்டும், அல்லது அது மேலிருந்து வந்திருக்க வேண்டும். அண்டார்டிகாவில் பனிமேல் கிடக்கும் கல்லைப் பொறுக்குகிறவர்களும் இதே தர்க்கத்தில்தான் போகிறார்கள். ஆனால் நம் ஐப்பசி மழை விடாது. ஓர்கேய் வகைக் கல்லைத் தண்ணீரில் போட்டாலே உதிர்ந்து சேறாகிவிடும். அதைக் கட்டி வைத்திருப்பதே உப்புதான். நம் வயலில் விழுந்தால் வண்டலோடு வண்டலாகப் போய்விடும், யாருக்கும் தெரியாது.

இதைச் சொன்னதும் சித்தப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப அது எருவாயிடும்ல? பயிர் வருமா?"

கேள்வி வேடிக்கையாகத் தோன்றினாலும் ஒருவர் உண்மையாகவே சோதித்திருக்கிறார். நியூசிலாந்தில் ஆராய்ந்த மைக்கேல் மௌட்னர், மர்ச்சிசன் கல்லின் சாற்றில் உருளைக்கிழங்குத் திசுவையும் அஸ்பராகஸ் திசுவையும் வளர்த்துப் பார்த்தார். வளர்ந்தன. பாஸ்பேட், நைட்ரேட் முதலான சத்துகள் நல்ல விளைநிலத்துக்கு ஒப்பாக இருந்தன. அஸ்பராகஸ் என்றால் நம்மூர்த் தண்ணீர்விட்டான் கிழங்குக்குப் பங்காளி என்றேன்.

"நெல்லு போட்டுப் பாத்தாங்களா?"

"இல்ல சித்தப்பா."

"அப்புறம் என்ன" என்றவர் கையைக் கழுவிக்கொண்டு டிரம்மை மூடப் போனார்.